முதலில் வேலையைக் காட்டுங்கள்
உதவி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

முதல் படத்துக்கான கதையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் உங்களுக்கும், சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் பலர் நம்பித் தரும் ஸ்கிரிப்டுகளைப் படித்துவருகிறேன். உழைக்கும் மக்களைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற துடிப்பு ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. அதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நாயகன் கொத்தனார் என்று முதல் பக்கத்தில் இருக்கும். நூறு பக்கம் போன பிறகும் அவர் கரண்டியைத் தொட்டிருக்க மாட்டார். நாயகி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர் என்றிருக்கும். கம்பெனி வாசலில் காதலனுக்காகக் காத்து நிற்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இருக்காது.

இதைப் பொதுவாகப் பேசினால் வெறும் உபதேசமாகிவிடும். அதனால் ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகளாகச் செய்த வேலையை உங்கள் முன்னால் வைக்கிறேன். பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி. உங்களில் சிலர் அவருடைய ஒன்றிரண்டு படங்களைத் திரைப்பட விழாக்களில் பார்த்திருப்பீர்கள். முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

1957-இல் ஓரிமத்திலா என்ற சிற்றூரில் பிறந்தவர். தாம்பெரே பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தாரே தவிர, படம் எடுப்பதை எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. அண்ணன் மிக்காதான் ஜெர்மனியின் முனிச் நகருக்குப் போய் முறையாகச் சினிமா படித்தவர். தம்பி கட்டட வேலை பார்த்தார், தபால் பட்டுவாடா செய்தார், பாத்திரம் கழுவினார், படங்கள் பார்த்து விமர்சனம் எழுதினார். 1981-இல் அண்ணன் இயக்கிய ‘பொய்யன்’ படத்துக்கு எழுதி, அதில் முக்கிய வேடத்திலும் நடித்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வில்லெஆல்ஃபா என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கோதாரின் ‘ஆல்ஃபாவில்’ படத்தின் மீதிருந்த பிரியத்தில் வைத்த பெயர்.

தனியாக இயக்கிய முதல் கதைப்படம் 1983-இல் வந்தது. எடுத்த எடுப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. ஹிட்ச்காக் தொடவே மாட்டேன் என்று சொன்ன நாவல் அது. அப்படியானால் நான் எடுத்துக் காட்டுகிறேன் என்று இறங்கியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹிட்ச்காக் சொன்னது சரிதான் என்று பிறகு புரிந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் நான் கவனித்தது வேறு. நாவலின் ஏழை மாணவன் இங்கே ஹெல்சின்கியில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறான். படம் தொடங்குவதே அந்தக் கூடத்தில்தான். இருபத்தாறு வயதில், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல், உலக இலக்கியத்தின் ஒரு மலையைத் தூக்கப் போனவர், கதையின் முதல் அடியை ஒரு வேலைத்தலத்தில் வைத்திருக்கிறார். அந்த அடி கடைசிவரை மாறவில்லை.

சினிமாப் பள்ளிக்குப் போகாதவர் என்றதும் உங்களில் சிலருக்கு உற்சாகம் வரும். கொஞ்சம் பொறுங்கள். ஓசுவையும் பிரெஸ்ஸோனையும் சாப்ளினையும் கரைத்துக் குடித்தவர் அவர். எதை வைக்கலாம் என்பதைவிட எதை எடுத்துவிடலாம் என்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். கேமராமேன் டிமோ சல்மினன் ஆரம்பக் காலத்திலிருந்து இன்றுவரை கூடவே இருக்கிறார். நடிகர்களும் திரும்பத் திரும்ப வருபவர்கள்தான். ரிகர்சல் குறைவு, டேக்குகள் அதைவிடக் குறைவு. பெரும்பாலும் முதல் டேக்கே ஓகே. சிறிய பட்ஜெட்டில் மூச்சுவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த எளிமையை வறுமையாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சுவரின் நீலமும் ஒரு மேசை விரிப்பின் சிவப்பும் எங்கே விழ வேண்டும் என்பதை அவரும் சல்மினனும் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ‘சொர்க்கத்தில் நிழல்கள்’ (1986), ‘ஏரியல்’ (1988), ‘தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்’ (1990) ஆகிய மூன்றையும் பாட்டாளி மூவரிசை என்று சொல்வார்கள். முதல் படத்தின் நாயகன் நிகாண்டர் குப்பை லாரித் தொழிலாளி; அவன் விரும்பும் இலோனா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவள். ‘ஏரியல்’ நாயகன் வடக்கே லாப்லாந்தில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள், பிழைக்கத் தெற்கே வருகிறான். மூன்றாவது படத்தின் இரிஸ், தலைப்பே சொல்வதுபோல, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவள்.

அந்த மூன்றாவது படத்தின் தொடக்கத்தை உங்களில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சத்தத்தைக் கூர்ந்து கேட்டபடி பார்க்க வேண்டும். முதலில் ஒரு மரக்கட்டை. இயந்திரம் அதைச் சுழற்றுகிறது, கத்தி இறங்குகிறது, மரம் தாள்தாளாக உரிந்து வருகிறது. அந்தத் தாள்கள் வெட்டுப்பட்டுக் குச்சிகளாகின்றன. குச்சிகள் கொட்டுகின்றன, நகர்கின்றன, வரிசையில் நிற்கின்றன. பெட்டிகள் உருவாகி, நிரம்பி, பட்டையில் ஏறி ஓடி வருகின்றன. இவ்வளவு நேரமும் திரையில் மனித முகம் கிடையாது, இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு இரண்டு கைகள் வருகின்றன. லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கைகள். அதன் பிறகுதான் இரிஸின் முகம். காட்டி ஆத்தினன் நடித்திருக்கிறார். அந்த முகம் சோகமாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. வேலையில் இருக்கிறது, அவ்வளவுதான். அவளுடைய தனிமையைச் சொல்ல அதற்குமேல் ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. மரம் குச்சியாகும் பாதையில் அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்த அம்மாவோ அக்காவோ அத்தையோ இல்லாத குடும்பம் அங்கே குறைவு. கட்டை அடுக்கிய விரல்களையும் பெட்டி ஒட்டிய விரல்களையும் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கௌரிஸ்மாகி இரிஸின் கைகளைக் காட்டிய அதே 1990-இல்தான் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தைச் சலம் பென்னூர்கர் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வேலைக்கு அடுத்தபடியாகக் கூலி. இரிஸ் வாங்கும் சம்பளம் அப்படியே வீட்டுக்குப் போகிறது. அம்மாவும் மாற்றாந்தகப்பனும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். டிவியில் தியானன்மென் சதுக்கச் செய்தி ஓடுகிறது. ஒரு தடவை சம்பளப் பணத்தில் அவள் தனக்கென்று ஒரு கவுன் வாங்கிவிடுகிறாள். தகப்பன் அறைகிறான். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்கிறாள் அம்மா. இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் ஒரு பெண் தொழிலாளியின் பொருளாதாரம் முழுக்க இருக்கிறது: அவளுடைய உழைப்பு யாருக்குச் சொந்தம், அவளுடைய ஆசைக்கு யார் விலை வைப்பது, தப்பினால் தண்டனை என்ன. நம் ஸ்கிரிப்டுகளில் ஏழ்மை நிறைய வருகிறது. கணக்கு வருவதே இல்லை. உங்கள் நாயகிக்கு வாரக்கூலியா, மாதச் சம்பளமா? அட்வான்ஸ் பிடித்தம் எவ்வளவு? குழுக்கடன் தவணை எந்தக் கிழமை? இவை தெரிந்துவிட்டால் கதையில் பாதி தானாக நடக்கும்.

அடுத்து, கௌரிஸ்மாகி பரிதாபம் கேட்பதில்லை. நிகாண்டருக்குச் சொந்தமாகக் குப்பை அள்ளும் கம்பெனி தொடங்கலாம் என்று ஆசை காட்டிய மூத்த சகத்தொழிலாளி, வேலை நேரத்திலேயே மாரடைப்பில் செத்துப்போகிறார். அங்கே வயலின் அழுவதில்லை. நிகாண்டர் குடிக்கிறான், சண்டை போடுகிறான், லாக்கப்பில் கண் விழிக்கிறான், மறுபடியும் வேலைக்குப் போகிறான். இலோனாவை முதல் தடவையாக வெளியே அழைத்துப் போகும்போது அவன் தேர்ந்தெடுக்கும் இடம் பிங்கோ விளையாட்டுக் கூடம். அவளுக்குப் பிடிக்கவில்லை, கிளம்பிவிடுகிறாள். தொழிலாளிக்கும் காதலில் சொதப்ப உரிமை உண்டு. அசடு வழியவும், ரோஷப்படவும், நல்ல பாட்டு கேட்கவும், யாரிடமும் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. நாம் அவர்களுக்கு அழுவதற்கும் கொதித்தெழுவதற்கும் மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம்.

1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து பெரிய பொருளாதாரச் சரிவில் விழுந்தது. சோவியத் யூனியனோடு நடந்துவந்த வர்த்தகம் நின்றுபோனது, வங்கிகள் ஆட்டம் கண்டன. 1990-இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த வேலையின்மை, 1994-இல் 16 சதவீதத்தைத் தாண்டியது. இதைப் பற்றிப் படம் எடுக்காவிட்டால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது என்ற மனநிலையில்தான் கௌரிஸ்மாகி ‘மிதந்து செல்லும் மேகங்கள்’ (1996) எடுத்தார். அது அவருடைய நெருங்கிய நண்பர் மட்டி பெல்லோன்பாவுக்காக எழுதப்பட்டது. நிகாண்டராக நடித்தவர் அவர்தான். 1995-இல், நாற்பத்து நான்கு வயதில் இறந்துவிட்டார். அவருக்கான வேடத்தைப் பெண்ணாக மாற்றி ஆத்தினனுக்குக் கொடுத்தார்கள். படத்தின் மையமான தம்பதி இழந்த பிள்ளையாக அலமாரியில் இருக்கும் புகைப்படம், பெல்லோன்பாவின் சிறுவயதுப் படம்.

கணவன் டிராம் ஓட்டுநர். யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவெடுக்க நிர்வாகம் தொழிலாளர்களைச் சீட்டெடுக்கச் சொல்கிறது. மனைவி பெரிய உணவகம் ஒன்றில் தலைமைப் பணியாளர். உணவகம் கைமாறுகிறது, அவளுக்கும் வேலை போகிறது. பல இடம் அலைந்து ஒரு அழுக்கடைந்த சின்னக் கடையில் சேர்கிறாள். பரிமாறுவதும் அவள், சமைப்பதும் அவள். ஆனால் வாடிக்கையாளர் ஆர்டர் சொன்னதும், உள்ளே ஒரு சமையற்காரர் இருப்பதுபோல அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். பிறகு உள்ளே போய் அவளே சமைக்கிறாள். தொழில் தெரிந்த ஒருத்தி, தன் தொழிலின் மரியாதையைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் இடம் அது. கௌரிஸ்மாகியின் படங்கள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். பசியைக் காட்டும் காட்சிகள் ஆயிரம் பார்த்திருக்கிறேன். தொழில் கர்வத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டியதை வேறெங்கும் பார்த்த நினைவில்லை.

‘கடந்த காலம் இல்லாத மனிதன்’ (2002) அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கான் விழாவில் கிராண்ட் பிரி, ஆத்தினனுக்குச் சிறந்த நடிகை விருது. ரயிலில் ஹெல்சின்கி வந்திறங்கும் ஒருவனை ரவுடிகள் அடித்துப் போடுகிறார்கள். பெயர், ஊர் எல்லாம் மறந்துபோகிறது. துறைமுகத்து ஓரத்தில் கன்டெய்னர் பெட்டிகளில் குடியிருப்பவர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். அவன் இருக்கும் பெட்டிக்கு ஒருவர் மின் இணைப்புக் கொடுக்கிறார். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால், என்றாவது நான் சாக்கடையில் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தால் திருப்பிப் போட்டுவிடு என்கிறார். ஒருநாள் அவன் வெல்டிங் நடக்கும் இடத்தைக் கடக்கிறான். நின்று பார்க்கிறான். கொடுங்கள் என்று வாங்கிப் பிடித்தால், கை தானாக வேலை செய்கிறது. பெயர் மறந்த மனிதனுக்குத் தொழில் மறக்கவில்லை. ஒரு மனிதனை யாரென்று அடையாளம் காட்டுவது அவன் பழகிய வேலைதான் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியுமா?

அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இராக் மீது அமெரிக்கா போருக்குப் போகிறது என்று சொல்லி அவர் விழாவுக்குப் போகவில்லை. அதற்கு முன்பே, ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமிக்கு அமெரிக்கா விசா மறுத்ததைக் கண்டித்து நியூயார்க் திரைப்பட விழாவையும் புறக்கணித்திருந்தார்.

அவரிடம் எனக்கு மாறுபாடும் உண்டு. தொழிற்சங்கங்கள் வலுவாக இருக்கும் நாடு பின்லாந்து. ஆனால் அவருடைய தொழிலாளர்கள் சங்கத்தின் வாசலை மிதிப்பது அபூர்வம். தனியாகத் தோற்கிறார்கள், இருவராகச் சேர்ந்து தப்பிக்கிறார்கள். மூவரிசையின் முதல் இரண்டு படங்களும் கப்பலேறுவதில் முடிகின்றன. அந்தக் கப்பல்கள் அழகானவைதான், ஆனால் ஆலையில் மிச்சமிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. நம் ஊரிலோ வேலை என்றால் கூடவே சாதியும் வந்து நிற்கும். யார் குப்பை அள்ளுகிறார்கள், யார் சாக்கடைக்குள் இறக்கப்படுகிறார்கள் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்யவில்லை. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) கேட்ட கேள்விக்குக் கௌரிஸ்மாகியிடம் விடை கிடைக்காது. அதை நீங்கள்தான் தேட வேண்டும். வேலையைப் பொறுமையாகப் பார்க்கும் கண்ணுக்கு நாம் வெளியே போக வேண்டியதும் இல்லை. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) லெனின் பாரதி ஏலக்காய் மூட்டையோடு மலை இறங்கும் கால்களைக் காட்டியிருக்கிறார். அந்த வழியில் இன்னும் நிறைய தூரம் பாக்கி இருக்கிறது.

2017-இல், சிரியாவிலிருந்து வரும் அகதி ஒருவனின் கதையான ‘நம்பிக்கையின் மறுபக்கம்’ படத்துக்குப் பெர்லினில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியபோது, இனிப் படம் எடுப்பதில்லை என்று அறிவித்தார். ஆறு ஆண்டுகள் கழித்து ‘உதிர்ந்த இலைகள்’ (2023) வந்தது. மூவரிசையின் நான்காவது படம் என்று அவரே அதைச் சொன்னார். கானில் ஜூரி பரிசு பெற்றது. அன்சா சூப்பர் மார்க்கெட்டில் நிச்சயமான வேலை நேரம் எதுவும் இல்லாத ஒப்பந்தத்தில் இருப்பவள். காலாவதியாகிக் குப்பைக்குப் போக வேண்டிய உணவை எடுத்துக்கொண்டதற்காக அவளை வேலையை விட்டு நீக்குகிறார்கள். கரண்ட் பில் வருகிறது. பார்த்துவிட்டு வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குகிறாள். வானொலியைத் திருப்பினால் உக்ரைன் போர்ச் செய்தி. ஹொலாப்பா உலோகத்தில் துரு நீக்கும் வேலை செய்பவன், குடிகாரன். பழுதான கருவியால் அவனுக்கு அடிபடுகிறது. குடித்திருந்தான் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்ட பிறகு அவனை ஒருநாள் அவள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவள் வீட்டில் ஒருவருக்கான தட்டுதான் உண்டு. கடைக்குப் போய் இன்னொரு தட்டும் கத்தியும் முள்கரண்டியும் வாங்கி வருகிறாள். சாப்பாடு நல்லபடியாகத்தான் போகிறது. பிறகு குடியைப் பற்றிப் பேச்சு வருகிறது. அப்பாவும் அண்ணனும் குடியால் செத்ததைச் சொல்கிறாள், அவன் முறுக்கிக்கொண்டு போய்விடுகிறான். அந்தத் தட்டை எடுத்துக் குப்பையில் போடுகிறாள். நாற்பது ஆண்டுகளாகத் தன் படங்களில் எல்லோரையும் குடிக்கவிட்ட இயக்குநர், அந்தக் குடிக்கு ஒரு பெண் கொடுக்கும் விலையை இங்கேதான் முழுதாகக் கணக்குப் பார்த்திருக்கிறார். எனக்கு இந்த முதுமை பிடித்திருக்கிறது.

அந்த ஆறு ஆண்டு இடைவெளியில் கௌரிஸ்மாகி சும்மா இருந்துவிடவில்லை. கார்க்கிலா என்ற பழைய இரும்பாலை ஊரில், கைவிடப்பட்ட ஆலைக் கட்டடத்தில் ‘கினோ லைகா’ என்ற திரையரங்கை நண்பரோடு சேர்ந்து உருவாக்கினார். 2021-இல் திறந்தார்கள். அதைக் கட்டும் வேலையில் அவரே சுத்தியல் பிடித்தார்.

இவ்வளவும் எழுதியது அவரை நகலெடுங்கள் என்பதற்காக அல்ல. பேசாத முகங்களையும் சிவப்பு மேசை விரிப்பையும் கடன் வாங்கினால் நமக்குக் கிடைப்பது போலிப் பின்லாந்துதான். வாங்க வேண்டியது அந்தப் பொறுமையை. பாட்டாளி மூவரிசையின் மூன்று படங்களும் சேர்ந்தாலும் நான்கு மணி நேரம் ஆகாது; ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம். பார்த்த கையோடு, உங்கள் கதை எந்தத் தொழிலைச் சொல்கிறதோ அந்த வேலைத்தலத்துக்குப் போங்கள். கேமரா வேண்டாம், போனையும் பையில் போட்டுவிடுங்கள். காலை ஷிஃப்ட் ஏறும் மணியிலிருந்து இறங்கும் மணிவரை நின்று பாருங்கள். அவர்கள் அனுமதித்தால் கூடமாட ஒரு கை கொடுங்கள். எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தோழமையுடன்,
உங்கள் முதல் படத்துக்காகக் காத்திருக்கும் ஒரு ரசிகன்